பொறுப்பு நிற்க ஓர் ஆள்

அன்று அங்கே இருந்தவர்கள் ஏழு பேர், அம்மிணி. வீட்டுக்காரர் மாரப்பன். அவர் சம்சாரம் பாவாத்தாள். வீட்டுப் புரோக்கர் சேவியர். வீடு கேட்டு வந்த பேச்சியம்மாள். அவள் மகள் இசக்கி, அப்போது ஆறு வயது. என் சம்சாரம் தெய்வானை. அப்புறம் நான், சென்னியப்பன். ஏழு. வாசலில் மாரப்பன் வீட்டு நாய் படுத்திருந்தது. அதை நான் சேர்க்கவில்லை.

நாற்காலி இருக்கட்டும், நான் நின்றுகொண்டே சொல்கிறேன். உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வராது.

போன தடவை வந்தபோது நீங்கள் கேட்டதற்குத்தான் பதில் சொல்கிறேன். "உங்களுக்குப் பொறுப்பு நிக்க யாராச்சும் இருக்காங்களா" என்று கேட்டீர்கள். இருக்கிறார்கள் என்று சட்டென்று சொல்லிவிடலாம். எத்தனை பேர் என்று அடுத்த கேள்வி வந்தால் சரியாகச் சொல்ல வேண்டுமில்லையா. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தெய்வானையின் தம்பி தாராபுரத்தில் இருந்தான், அவனும் போய்விட்டான். எங்களை நன்றாகத் தெரிந்தவர்கள், நான் எப்படிப்பட்டவன் என்று சொல்லக்கூடியவர்கள் என்றால், அன்று அங்கே இருந்தவர்கள்தான். ஏனென்றால் அன்று நான் இன்னொருவருக்குப் பொறுப்பு நின்றேன். பொறுப்பு நின்றவனுக்கு ஒருவர் பொறுப்பு நிற்க மாட்டார்களா? அந்தக் கணக்கில்தான் வீடு கேட்டு மறுபடி உங்களிடம் வந்தேன்.

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வருகிற பீஸை மேஜைமேல் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறை இருந்தால் அந்த இடத்தில் சின்னதாக ஓர் அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. யார் தைத்தது, ஏன் விட்டது, அதெல்லாம் செக்கிங் கேட்கக்கூடாது. குறை இங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டும், காட்டிவிட்டு அடுத்த பீஸை எடுக்க வேண்டும்.

பேச்சியம்மாள் அங்கே டெய்லர். சங்கரன்கோவில் பக்கம் ஊர். அவள் தைத்த பீஸில் நான் அம்பு ஒட்டியதே இல்லை. அப்படி ஒரு கை. ஒரு வார்த்தை பேசியதில்லை, ஆனால் அவள் தையலைத் தெரியும். ஒருநாள் டீ இடைவேளையில் என் முன்னால் வந்து நின்றாள். "பெரியப்பா, ஒங்க லைன்ல ஒரு வீடு காலியா கெடக்காமே. கேட்டா, ஆம்பள இல்லாத வீட்டுக்கு விடமாட்டோம்ங்காவ. நீங்க கொஞ்சம் சொல்லுதியளா?" என்றாள். புருஷன் பம்பாய்ப் பக்கம் வேலைக்குப் போனவன், திரும்பவில்லை. எனக்கு முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல வராது. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

எங்கள் லைன் வீடு உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஸ்டேஷனுக்கு வடக்கே ஒரு சந்து. இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து, பத்து வீடு. நடுவில் ஒரு பைப்பு. முகப்பில் மாரப்பன் வீடு. அவர் வீட்டு முன்னறையில்தான் அந்த ஏழு பேரும் நின்றோம்.

"ஏனுங்க சென்னியப்பண்ணா, இந்தப் புள்ளைய உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்றார் மாரப்பன்.

"தெரியுமுங்க."

"எப்படித் தெரியும்?"

"அந்தப் பொண்ணு தெச்ச துணியத் தெனமும் பாக்கறேனுங்க."

அவர் சிரித்தார். சேவியரும் சிரித்தார். "துணியப் பாத்தா ஆளத் தெரிஞ்சிருமுங்களா? அப்படீன்னா பொண்ணு பாக்கப் போறவிங்க துணிக்கடைக்குப் போயிரலாமே" என்றார் சேவியர். தெய்வானை என் முழங்கையில் இடித்தாள்.

"செரி, நீங்க நிக்கறீங்களா?" என்றார் மாரப்பன்.

"நிக்கறனுங்க."

எங்கள் சந்தில் இதற்குக் காகிதம் எதுவும் கிடையாது. ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவர் கையில் வீட்டுக்காரர் சாவியைக் கொடுக்க மாட்டார். பொறுப்பு நிற்கிறவர் கையில் கொடுப்பார். அவர்தான் குடிவருகிறவருக்குக் கொடுக்க வேண்டும். மாரப்பன் சாவியை என் கையில் வைத்துவிட்டு, "நான் அந்தப் புள்ளைக்குக் குடுக்கலீங்க, உங்களுக்குத்தான் குடுக்கறேன். நாளைக்கு வேணும்னாலும் உங்ககிட்டத்தான் கேப்பேன்" என்றார். நான் வாங்கிப் பேச்சியம்மாளிடம் கொடுத்தேன். இசக்கி கையை நீட்டினாள், அவளை ஒருதரம் தொடவிட்டு அம்மா வாங்கிக்கொண்டாள்.

அவ்வளவுதான் நடந்தது. சாவி என் கையில் இருந்தது கொஞ்ச நேரம்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த வீடு என் மேஜைக்கு வந்த பீஸ் மாதிரி ஆகிவிட்டது. என் கைவழியாகப் போனதில் ஓர் ஓட்டை இருந்தால் அது என் பேரில்தானே வரும்?

அவள் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த சுவர். பைப்பில் வீட்டுக்கு ஆறு குடம் என்று கணக்கு. அவள் ஆறுதான் பிடித்தாள். ஒருநாள் ஆறு குடத்துக்குமேல் ஒரு வாளி பிடித்தாள். நான் போய் நின்றேன். அவளே, "அஞ்சாவது கொடம் ஒழுகுது பெரியப்பா, அதுக்குப் பதிலா" என்று குடத்தைத் தூக்கிக் காட்டினாள். உண்மைதான், அடியில் பொத்தல். நான் திரும்பி வந்தேன். தெய்வானை, "உங்களுக்கு வேற சோலியே இல்லீங்களா? அவ பைப்புக்கு வந்தாப் போதும், வாசல்ல நின்னுக்கறீங்க" என்றாள். பொறுப்பு நின்றவன் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?

மாரப்பனும் அப்படித்தான் நினைத்தார். சாயங்காலம் என்னைப் பார்த்தால், "உங்க ஆள் எப்படிங்க?" என்பார். மற்ற ஒன்பது வீட்டையும் அவரே பார்த்துக்கொள்வார். அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் நான். சாக்கடை அடைத்தால், "உங்க ஆளு ஊட்டுல சோத்தக் கொட்டிருக்கும், பாருங்க" என்பார். போய்ப் பார்ப்பேன். அவள் வீட்டில் சோறு மிஞ்சினால்தானே கொட்டுவதற்கு. திரும்பி வந்து, "இல்லீங்க" என்று சொல்வேன். அவர் நம்புவார். அந்தச் சந்திலேயே என் பேச்சைத்தான் அவர் நம்புவார். அந்த மரியாதையை நான் கெடுத்துக்கொள்ளவில்லை.

தண்ணீர் வேண்டாம் அம்மிணி, குடித்தால் நடுவில் பாத்ரூம் கேட்க வேண்டிவரும். பரவாயில்லை, வையுங்கள், தெய்வானைக்கு ஆகும்.

அந்தச் செருப்பு விஷயத்துக்கு வருகிறேன். ஐப்பசி மழை. நான் விடியற்காலம் பால் வாங்கப் போகிறவன். பேச்சியம்மாள் வாசற்படிக்குக் கீழே ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பு. ரப்பர் செருப்பு, நீல வார். ஒன்பதாம் நம்பர் இருக்கும் என்று பார்த்தவுடன் தெரிந்தது. பால் வாங்கி, குளித்து, திருநீறு வைத்துக்கொண்டு வெளியே வந்தால் செருப்பு இல்லை. மறுநாளும் இருந்தது. அதற்கு மறுநாளும். வெளிச்சம் வந்தால் இல்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். நானாக எங்கேயும் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாரப்பன்தான் கூப்பிட்டுக் கேட்டார். பாவாத்தாளும் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"சென்னியப்பண்ணா, உங்க ஆளு ஊட்டுக்கு ஆம்பள யாராச்சும் வர்றாங்களா? இவ என்னமோ பாத்தேங்கறா."

"ஆளப் பாக்கலீங்க. செருப்புப் பாத்தனுங்க."

"எத்தன ஜோடி?"

"ஒரு ஜோடி. ஒம்பதாம் நம்பரு. நீல வாரு."

"எந்நேரம்?"

"விடியறதுக்கு முன்னால இருக்குதுங்க. வெளிச்சம் வந்தா இல்லீங்க."

இருந்ததைத்தான் சொன்னேன். ஒன்றும் கூட்டவில்லை. அவள் பக்கம் ஏதாவது நல்லதாகவும் சொல்ல வேண்டுமே என்று, "மழ பேஞ்ச அன்னைக்கும் அதுல சேறு இல்லீங்க. சுத்தமா இருந்துச்சு" என்றும் சொன்னேன்.

உள்ளேயிருந்து பாவாத்தாள், "இந்தச் சந்துல சேறு படாம வரோணும்னா கார்லதான் வந்திருக்கோணும்" என்றாள்.

மாரப்பன் கூரையைப் பார்த்தார். நல்ல மனிதர்தான், கத்தவெல்லாம் மாட்டார். "சாவி உங்க கையில குடுத்ததுதானுங்க. நீங்களே வாங்கிக் குடுத்துருங்க" என்றார்.

நான் போனேன். வேறு என்ன செய்வது, சொல்லுங்கள். நின்றது நான். அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். இசக்கி சுவரோரம் உட்கார்ந்து தட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தது. "வாங்க பெரியப்பா, என்ன நிக்கிய? ஒரு தோச தின்னுங்க" என்றாள். சாவி கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளும் நான் பார்க்கும் இடத்தைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள்.

"எதுக்குன்னு மட்டும் சொல்லிருங்க."

"செருப்பு" என்றேன்.

அவள் கதவு மூலையைப் பார்த்தாள். அங்கேதான் இருந்தது, சுவரில் சாய்த்து. "இதா?" என்றாள். சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது, சிரிப்பு இல்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்லா பெரியப்பா. அடுத்த வீடுதான."

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. இருந்ததத்தான் சொன்னேன்."

அவள் சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். "நீங்க குடுத்ததுதான. நீங்களே வச்சுக்கிடுங்க. ஞாயித்துக்கெழம வரைக்கும் டயம் குடுத்தாச் சாமான ஏத்திருவேன்." அப்புறம் திரும்பி அடுப்பைப் பற்றவைத்து, பிள்ளைக்கு மீதி தோசையை ஊற்றினாள்.

சாவியோடு வீட்டுக்கு வந்தேன். தெய்வானை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அது யார் ஊட்டுச் சாவி?" என்றாள். சொன்னேன். முழுதும் சொன்னேன், மாரப்பன் கேட்டது, நான் சொன்னது, எல்லாம் வரிசையாக. அவள் கீரையை அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

"அந்தச் செருப்பு நாஞ் சொல்லி அவ சந்தையில வாங்குனதுங்க."

எதற்கு என்று கேட்டேன். சொன்னாள்.

சந்துக்குப் பின்னால் ஒரு ஒயின்ஷாப் வந்திருந்தது. குடித்துவிட்டு அந்த வழியாகப் போகிறவர்கள் சிலர் அவள் கதவைத் தட்டியிருக்கிறார்கள். ஆம்பளை இல்லாத வீடு என்று தெரிந்து தட்டியிருக்கிறார்கள். அவள் தெய்வானையிடம் வந்து அழுதிருக்கிறாள். இவள்தான், பெரிய ஆள் போடுகிற மாதிரி ஒரு செருப்பு வாங்கி, படுக்கும்போது வெளியே வை, விடிந்ததும் எடுத்து உள்ளே வை என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள். வைத்ததிலிருந்து தட்டவில்லையாம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா என்ன பண்ணுவீங்க? மாரப்பண்ணங்கிட்டப் போயி, செருப்பு ஒரு ஜோடி இருக்குது, ஆளு இல்லீங்கன்னு ஒப்பிப்பீங்க. அப்பறம் சந்து பூராவும் தெரிஞ்சிரும். ஆளில்லாத செருப்ப எதுக்கு வெளியில வெக்கறது?"

அவள் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு உறுத்தியது வேறு. செக்கிங்கில் முப்பது வருஷம் இருந்தவன். அந்தச் செருப்பின் குதிகால் தேயவில்லை. வைத்த இடம் ஒருநாளும் மாறவில்லை. மழையில் சேறு இல்லை. காலே படாத செருப்பு என்று பார்த்தவுடனே தெரிந்திருக்க வேண்டும். விடியற்காலம், வெளிச்சம் போதவில்லை. டியூப்லைட்டு வெளிச்சத்தில் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன்.

உடனே மாரப்பனிடம் போனேன். போகாமல் இல்லை. அவர் வீட்டுக்கு ஒறம்பரை, சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள், ஆட்கள் இருக்கும்போது எப்படிப் பேசுவது என்று திரும்பிவிட்டேன். மறுபடி போனேன், சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மறுபடி போனபோதுதான் தனியாகக் கிடைத்தார். அந்தச் செருப்பு ஆள் இல்லாத செருப்புங்க, பயத்துக்கு வைத்ததுங்க என்று சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "சென்னியப்பண்ணா, பொறுப்பு நின்னவரு ஒரே பேச்சா இருக்கோணும். நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணுன்னா நான் எதை நம்பறது?"

பாவாத்தாள் வெளியே வந்தாள். "இருக்கட்டும், அப்படியே வெச்சுக்கலாம். இன்னைக்கு ஆளில்லாத செருப்ப வெச்சு ஏமாத்தறவ, நாளைக்கு எதை எதையெல்லாம் வெப்பா? அதுவுமில்லாம ராத்திரில கதவத் தட்டறாங்கன்னா, அந்தப் பேரு யாருக்கு? ஊட்டுக்குத்தான?"

இருந்தது என்றாலும் தப்பு, இல்லை என்றாலும் தப்பு. நான் என்ன செய்ய முடியும்? அவர்கள் வீடு, அவர்கள் சொல்கிறார்கள். அதற்குள் சேவியர் வேறு ஆளைக் கூட்டிவந்து காட்டியும் ஆகிவிட்டது. இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் எங்களையும் கிளம்பச் சொல்லியிருப்பார்களோ என்னவோ. அதுவும் மனதில் ஓடியது. தெய்வானையை வைத்துக்கொண்டு எங்கே போவது?

ஞாயிற்றுக்கிழமை குட்டியானை வண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டு போனாள். தையல் மெஷின், குடம் ஐந்து, வாளி ஒன்று, மற்றது மூட்டைகள். நான் காலி வீட்டைப் பார்த்துக் கொடுக்க வேண்டும், அது முறை. சுவரில் கிறுக்கல் இல்லை. சுவிட்சு உடையவில்லை. அடித்த ஆணியைக்கூடப் பிடுங்கி ஓட்டையைச் சோப்பு வைத்து அடைத்திருந்தாள். ஒரு குறை இல்லை. கதவு மூலையில் அந்தச் செருப்பு மட்டும் இருந்தது. எடுத்துக்கொண்டு சந்து முனைக்கு ஓடினேன். வண்டி மெயின் ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு சத்தம் கொடுத்திருந்தால் நின்றிருக்கும். எனக்குச் சத்தமாகக் கூப்பிட வராது.

அதற்கப்புறம் அந்தச் செருப்பு எங்கள் அட்டாலிப் பரணில் கிடந்தது. இப்போது வீட்டைக் காலி செய்யச் சாமானைக் கட்டும்போது தெய்வானை எடுத்து வெளியே வைத்தாள். எனக்கு எட்டாம் நம்பர்தான். சும்மா கிடக்கிறதே என்று போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். உங்கள் படிக்குக் கீழே கழற்றி வைத்திருக்கிறேன். நடந்தால் கொஞ்சம் தட்டுகிறது.

இப்போது ஏன் காலி செய்கிறோம் என்று கேட்பீர்கள். மாரப்பன் தவறிவிட்டார். அவர் பையன்கள் இடத்தை விற்றுவிட்டார்கள், லாட்ஜ் கட்டப் போகிறார்களாம். பத்து வீட்டில் எட்டுப் பேர் போய்விட்டார்கள். பைப்பைப் பிடுங்கிவிட்டார்கள். இந்த மாசத்தோடு கரண்டையும் எடுத்துவிடுவார்கள்.

நாங்கள் வீடு தேட ஆரம்பித்தோம். வாடகையை முன்னாலேயே தருகிறேன் என்கிறேன். எனக்கு பி.எஃப். பென்சன் வருகிறது, ஒருவருக்கும் பாக்கி வைத்ததில்லை. போய்க் கேட்டால் எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். "ரெண்டு பேரு மட்டுந்தானுங்களா? பசங்க இல்லீங்களா?" என்பார்கள். அப்புறம், "இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாருங்க" என்பார்கள். ஆறு வீட்டில் அப்படிச் சொன்னார்கள். ஆறு வீட்டிலும் மறுநாள் போய்ப் பார்த்தேன். போர்டு அப்படியே தொங்கியது.

நீங்கள்தான் அன்று அப்படிச் சொல்லவில்லை. மதில் பக்கம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "தப்பா நெனச்சுக்காதீங்க, நாளைக்கு ஒண்ணுன்னா யாரு வந்து எடுத்துக்குவாங்க?" என்று கேட்டீர்கள். நான் தப்பாக நினைக்கவில்லை அம்மிணி. கேட்டதே நல்லது. ஆறு வீடு அலைந்தும் எனக்குப் புரியாதது நீங்கள் கேட்டதும் புரிந்துவிட்டது. பேச்சியம்மாளுக்கு நான் நின்றது அவள் நடத்தைக்கு. எங்களுக்கு ஒருவர் நிற்க வேண்டியது வாடகைக்கும் இல்லை, நடத்தைக்கும் இல்லை. எங்கள் உடம்புக்கு. உங்கள் புது வீட்டில் நாங்கள் ஒருநாள் விடியற்காலம் எழுந்திருக்காவிட்டால், அதை வெளியே கொண்டுபோக ஓர் ஆள். அதற்குப் பொறுப்பு.

சரிதானே. உங்கள் வீடு. உங்களுக்குச் சின்னக் குழந்தைகள் வேறு இருக்கிறார்கள்.

அதனால்தான் அந்த ஏழு பேரையும் எண்ணிப் பார்த்தேன். மாரப்பன் இல்லை. ஆறு. பாவாத்தாள் பெங்களூரில் பையன் வீட்டில் இருக்கிறாள். போன் செய்து, என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுவீர்களா என்று கேட்டேன். யாரு, சென்னியப்பண்ணனா என்று இரண்டு தடவை கேட்டாள். அப்புறம், "நானே இங்க மருமவ பொறுப்புல இருக்கறனுங்க அண்ணா. என்ற பேச்ச யாரு கேக்கறாங்க?" என்றாள். பின்னால் யாரோ அதட்டும் சத்தம் கேட்டது, வைத்துவிட்டாள். ஐந்து.

சேவியரிடம் போனேன். "எழுபதத் தாண்டின ரெண்டு பேருக்கு நான் பொறுப்புன்னு சொன்னா, அப்பறம் எந்த ஹவுஸ் ஓனரு எனக்குச் சாவி குடுப்பாரு? நீங்களே சொல்லுங்க" என்றார். முதலில் உங்கள் விலாசத்தைக் கொடுத்ததும் அவர்தான். தான் அனுப்பியதாகச் சொல்லக்கூடாது என்றும் சொன்னார். சொல்லிவிட்டேன். நீங்கள் அவரிடம் கேட்டுவிட வேண்டாம். நான்கு.

அந்த நான்கில் நானும் தெய்வானையும் இருவர். எங்களுக்கு நாங்களே நிற்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தெய்வானை வீட்டில் இருக்கிறாள் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. உங்கள் கேட்டுக்கு வெளியே, அந்த ஸ்கூட்டர் நிறுத்துகிற மேட்டில் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே வந்தால் அவள் நடையைப் பார்த்துவிடுவீர்கள் என்று நான்தான் அங்கேயே இருக்கச் சொன்னேன். நான் பொய் சொல்லவில்லை, நீங்கள் கேட்கவில்லை. அவள் இடுப்பில் தகடு வைத்திருக்கிறது. மாடி ஏற முடியாது. உங்கள் வீடு தரையோடு இருக்கிறது, பாத்ரூம் உள்ளேயே இருக்கிறது. படி மூன்றுதான். அதற்காகத்தான் இவ்வளவு நேரம் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன்.

போன தை மாசம் விழுந்தாள். பாத்ரூமுக்குப் போகிற வழியில் வழுக்கி. நான் ஆட்டோ பார்க்க ஓடினேன். எனக்கு ஆட்டோவை நிறுத்தக் கை நீட்டவே கூச்சம், இரண்டு போய்விட்டது, மூன்றாவதைக் கூட்டிக்கொண்டு வந்தால், வாசலில் வேறு ஓர் ஆட்டோ நின்றது. பேச்சியம்மாள் தெய்வானையைத் தூக்கி உள்ளே உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். விழுந்த இடத்திலிருந்தே தெய்வானை அவளுக்குப் போன் போட்டிருக்கிறாள். இத்தனை வருஷமாக இருவரும் போனில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அடுத்த சுவரில் இல்லை என்பதுதான் வித்தியாசம். எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரி அவள்தான் கூட இருந்தாள். செருப்பைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "நாலு இட்லி வாங்கிட்டு வாங்க பெரியப்பா. பெரியம்மா ஒண்ணும் தின்னல" என்றாள். நாலு வாங்கி வந்தேன். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஒங்களுக்கு?" என்றாள். நாலு என்றுதானே சொன்னாள். அதில் இரண்டை இலையைக் கிழித்து என் பக்கம் தள்ளினாள்.

இசக்கிக்கு இப்போது பதினைந்து வயது. ஆள் அம்மாவைவிட உயரம். ஆனால் பதினெட்டு ஆகவில்லை, அவளைச் சேர்க்கக்கூடாது.

தெய்வானை சொல்கிறாள், "அவ நிப்பாங்க. கேட்டா நிப்பா. கேக்கோணுமில்ல?" என்று. நம்பரும் கொடுத்தாள். எனக்கு மனப்பாடம். பஸ் வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆனால் அடித்தால் என்ன கேட்பது? முன்னே உனக்கு நான் நின்றேன், இப்போது எனக்கு நீ நில் என்றா? நான் நின்றது எப்படி முடிந்தது என்று அவளுக்குத் தெரியுமே. சத்தமாகக் கூப்பிடத்தான் வராது என்றால், மெதுவாகவும் வரவில்லை.

அதனால் நீங்கள் கேளுங்கள் அம்மிணி. வீட்டுக்காரர் கேட்பதுதான் முறையும்கூட. இப்போது கம்பெனியில் சாப்பாட்டு இடைவேளை, எடுப்பாள். சென்னியப்பனைத் தெரியுமா என்று கேளுங்கள். என்னிடம் கேட்டதை அவளிடமும் கேளுங்கள், குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை, அவளுக்கு உடைத்துச் சொன்னால்தான் பிடிக்கும். அவள் தெரியாது என்று சொன்னால் அதையும் அப்படியே சொல்லுங்கள், கூட்டிக் குறைக்க வேண்டாம். நான் தெய்வானையை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன்.

நீங்கள் பேசும்போது நான் இங்கே நிற்கவில்லை. கேட்டுக்கு வெளியே அவளோடு இருக்கிறேன். இந்தத் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம்பரைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். வேறு நம்பர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்காதீர்கள். ஏழு பேரில் மிச்சம் ஒருத்திதான்.